முயலுக்குப் புழு வைக்காமல் காப்பது எப்படி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

முயல் வாங்கி ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகியிருந்தால், பெயர் வைப்பது, கூண்டு அலங்கரிப்பது எல்லாம் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரு தடவை, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தடவை, ஈ முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று முயலின் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெயில் காலத்திலும், மழை விட்டுவிட்டுப் பெய்து நடுநடுவே வெயில் அடிக்கிற நாட்களிலும் இதை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் மீதி இருப்பதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் நினைவில் இருந்தால் உங்கள் முயலுக்குப் பாதிப் பாதுகாப்பு கிடைத்த மாதிரி.

எங்கள் வீட்டில் மல்லி என்று ஒரு வெள்ளை முயல் இருந்தாள். ஏழு வயது, கொஞ்சம் குண்டு, மதுரை வெயிலில் மாடிப்படிக்குக் கீழே நிழலாக அவளுக்கு ஒரு கூண்டு. ஒரு சித்திரை மாதத்தில் இரண்டு நாள் கோடை மழை பெய்து, மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. சனிக்கிழமை காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஞாயிறு மதியம்தான் திரும்பினோம். பக்கத்து வீட்டு அக்கா புல்லும் தண்ணீரும் சரியாகவே வைத்திருந்தார். மல்லி மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள், வெயிலின் அசதி என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் கையில் தூக்கியபோதுதான் ஒரு கெட்ட வாடை வந்தது. வாலுக்குக் கீழே முடி நனைந்து ஒட்டிக்கிடந்தது, அதை விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் புழு நெளிந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரியே மருத்துவரிடம் கொண்டுபோனோம், விடிவதற்குள் போய்விட்டாள். மதியம் வந்தவுடனே வாலைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒரு ஆறு மணி நேரம் கையில் இருந்திருக்கும், இந்த நோயில் ஆறு மணி நேரம் என்பது சின்ன விஷயமே இல்லை.

என்னதான் நடக்கிறது

ஆடு மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குப் "புண்ணில் புழு வைத்துவிட்டது" என்றால் உடனே புரியும். மாட்டுக்குக் கொம்பு உடைந்த இடத்தில், கன்றுக்குட்டியின் தொப்புளில், நாயின் காதுப்புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டு, அது புழுவாகிச் சதையைக் குடைவதைப் பார்த்திருப்பார்கள். முயலுக்கும் அதேதான் நடக்கிறது, ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: முயலுக்குப் புண்ணே தேவையில்லை. பின்பக்க முடி ஈரமாக இருந்தால் போதும், அல்லது புழுக்கை ஒட்டிக்கிடந்தால் போதும், பச்சையாகவோ நீலமாகவோ மினுங்குகிற அந்த ஈ வாடை பிடித்து வந்துவிடும்.

ஒரு ஈ ஒரே இடத்தில் 150, 200 முட்டைகூட வைக்கும். முட்டை பார்ப்பதற்கு ரவை மாதிரி, கொஞ்சம் நீளவாக்கில், வெளிர் மஞ்சள் நிறத்தில் முடியின் அடியில் கொத்தாக ஒட்டிக்கிடக்கும். குளிர் நாடுகளில் அது பொரிய ஒரு நாள் ஆகலாம், நம் ஊர் வெக்கையில் 12 மணி நேரமோ அதற்கும் குறைவோ போதும். பொரிந்து வருகிற புழு முதலில் நூல் மாதிரி இருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாது. அது தோலின் மேலிருக்கிற அழுக்கையும் ஈரத்தையும் தின்று, எச்சிலால் தோலைக் கரைத்து, அப்புறம் உள்ளே போகிறது. முயலின் தோல் ரொம்ப மெல்லியது. புண்ணாகிவிட்டால் அந்த வாடைக்கு இன்னும் ஈக்கள் வரும், அவையும் முட்டை வைக்கும். முட்டை வைத்து ஒரு நாள், இரண்டு நாளுக்குள் முயல் அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் குறைந்து உடம்பு துவண்டுபோகிற நிலை) போய் இறந்துவிடலாம். வலியை வெளியே காட்டாத பிராணி அது. காட்டில் பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற இனம் என்பதால் நோவைக் காட்டாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கத்தாது. நாமாகத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

இந்தியாவில் இன்னொரு வகை ஈயும் இருக்கிறது, மாட்டுப் புண்களில் கூட்டமாக, ஆழமாகத் துளைத்துக்கொண்டு போகிற புழுக்கள் பெரும்பாலும் அதனுடையவைதான். அதற்குத்தான் புண் வேண்டும், ஒரு சின்னக் கீறல் போதும். இரண்டு முயல்கள் சண்டை போட்டுக் கடித்துக்கொண்ட இடம், நகம் பிய்ந்த இடம், கருத்தடை அறுவை செய்த தையல், குட்டி ஈன்ற தாயின் பின்பக்கம், பிறந்த குட்டியின் தொப்புள் எல்லாம் அதற்கு வாசல். அறுவை செய்த முயலைத் தையல் ஆறும்வரை வலை அடித்த அறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

பார்ப்பது எப்படி

முயலை மல்லாக்கப் போட்டுப் பார்க்காதீர்கள். மல்லாத்தினால் சில முயல்கள் அசையாமல் கிடக்கும், அதைச் சுகமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம், உண்மையில் அது பயத்தில் உறைந்துபோவது. அதோடு திடீரென்று பின்காலை உதைத்துத் துள்ளினால் அதன் சொந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துவிடலாம். காதைப் பிடித்துத் தூக்குவதும் கூடவே கூடாது.

தரையில் உட்காருங்கள், உயரத்திலிருந்து விழும் பேச்சே இல்லாமல் போய்விடும். முயலை உங்கள் மடியில் அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கிற மாதிரி வைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி முன்பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள், பின்கால்கள் உங்கள் தொடையில் ஊன்றியிருக்கட்டும். இன்னொரு கையால் வாலை ஒதுக்கிப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் விரலாலும் தடவிப் பாருங்கள், ஏனென்றால் அடர்ந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். ஈரம், பிசுபிசுப்பு, முடி கட்டி கட்டியாகச் சேர்ந்திருப்பது, தொட்டால் முயல் வெடுக்கென்று இழுப்பது, இதில் எது இருந்தாலும் வெளிச்சத்தில் முடியைப் பிரித்து அடித்தோல்வரை பார்க்க வேண்டும். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் முடியில்லாத சின்ன மடிப்புகள் இருக்கும், அழுக்கு சேர்கிற இடம் அது. பெண் முயல்களுக்குத் தாடைக்குக் கீழே அலைதாடி மாதிரி சதை தொங்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் அது நனைந்து நனைந்து உள்மடிப்பு புண்ணாகும், அங்கேயும் விரலை விட்டுப் பாருங்கள். அடிவயிறு, தொடை இடுக்கு, முதுகு என்று ஒரு சுற்று வந்தால் மொத்தமே இரண்டு நிமிடம்தான்.

முதல் ஒரு வாரம் முயல் முரண்டு பிடிக்கும். பார்த்து முடித்ததும் ஒரு கொத்து கொத்தமல்லியோ புதினாவோ கொடுங்கள், பத்து நாளில் தானே மடிக்கு வந்துவிடும்.

முயலின் பின்பக்கம் ஏன் அழுக்காகிறது

ஈயை விரட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஈ எப்போதும் இருக்கும், மாம்பழ சீசனில் இன்னும் அதிகமாக இருக்கும், அதை முழுக்க ஒழிக்க யாராலும் முடியாது. ஆரோக்கியமான முயலின் பின்பக்கம் பஞ்சு மாதிரி உலர்ந்து சுத்தமாக இருக்கும், ஈக்கு அங்கே வேலை இல்லை. அழுக்காக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தினமும் கழுவிக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை.

நூற்றுக்கு முக்கால்வாசி இடத்தில் காரணம் சாப்பாடுதான் என்பது என் அனுபவம். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கிற உருண்டையான காய்ந்த புழுக்கை. இன்னொன்று சின்னத் திராட்சைக்கொத்து மாதிரி பளபளப்பாக இளகி இருக்கும், அதை முயல் குனிந்து நேராக ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்துத் தின்றுவிடும். பார்த்து அருவருக்க வேண்டாம், அதில்தான் அதற்குத் தேவையான வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன, மாடு அசை போடுகிற மாதிரி முயலுக்கு அது. குச்சித் தீவனமும் (கடையில் விற்கிற பெல்லட்) கேரட்டும் பழமும் பிஸ்கெட்டும் அதிகமாகக் கொடுத்தால் இந்த இளகிய புழுக்கை அளவுக்கு மீறி வரும், முயல் தின்னாமல் விட்டுவிடும், அது பின்பக்க முடியில் அப்பிக்கொள்ளும். குண்டாகிவிட்ட முயலால் குனிந்து எடுக்கவே முடியாது. மல்லிக்கு நடந்தது இதுதான் என்று எனக்கு அப்புறம் புரிந்தது, தினமும் மாலையில் ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சரி, என்ன கொடுக்கலாம்? தட்டில் பத்தில் எட்டு பங்கு புல்லாக இருக்க வேண்டும். டிமோத்தி என்று காய்ந்த வெளிநாட்டுப் புல் இணையத்தில் விற்கிறது, நல்லதுதான், விலை அதிகம். அருகம்புல், கினியாப் புல், கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல் எதுவானாலும் தாராளமாகக் கொடுக்கலாம், பால்பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஒரு கட்டு கிடைக்கும். வெட்டிய புல்லை நிழலில் பரப்பி உலர்த்தி வைத்துக்கொண்டால் மழைக்காலத்துக்கு ஆகும். மழையில் நனைந்து சூடேறிய புல், பூஞ்சை பிடித்த புல், பூச்சிமருந்து அடித்த வரப்பிலிருந்து அறுத்தது எதுவும் வேண்டாம். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கைக்கீரை எல்லாம் முயலுக்கு உயிர், ஆனால் வளர்ந்த முயலுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது. அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முயல் அதைச் சிறுநீரில்தான் வெளியேற்றும், சிறுநீர் மாவு கரைத்த மாதிரி கெட்டியாகி எரிச்சலில் சொட்டுச்சொட்டாகப் போகும், தொடை நனையும், அப்புறம் ஈ. குச்சித் தீவனம் கொடுப்பதாக இருந்தால் முயலின் எடையில் கிலோவுக்கு 20, 25 கிராம் ஒரு நாளைக்குப் போதும். கறிக்காக வளர்க்கிற பண்ணை முயலுக்கு எடை ஏற்றுவதற்கென்று வருகிற தீவனத்தைக் கடைக்காரர் கொடுத்தால் அதை வீட்டு முயலுக்குக் கிண்ணம் நிறைய வைத்துவிடாதீர்கள். உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் பத்து பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், திடீர் மாற்றமும் கழிச்சலைக் கொண்டுவரும்.

உணவு சரியாக இருந்தும் பின்பக்கம் நனைகிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் நீண்டு வளர்ந்த முயல் வாய் வலியால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது. வயதான முயலுக்கு இடுப்பிலும் முட்டியிலும் வலி இருந்தால் திரும்பி நக்க முடியாது, சிறுநீர் கழிக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கவும் முடியாது. மூத்திரப்பையில் கல் இருக்கலாம். இதெல்லாம் மருந்து கொடுத்துச் சமாளிக்கக்கூடியவைதான், கண்டுபிடிக்க வேண்டும் அவ்வளவுதான்.

நீளமுடி முயல் வாங்கியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கோரா மாதிரி முயல்கள் ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஏற்றவை. சென்னையிலோ திருச்சியிலோ வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த முயலின் பின்பக்க முடியையும் தொடை உள்பக்க முடியையும் எப்போதும் குட்டையாக வெட்டி வைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலால் நீங்களே வெட்டாதீர்கள், முயலின் தோல் முடியோடு சேர்ந்து கூடாரம் மாதிரி எழும்பி வரும், தோலையும் சேர்த்து வெட்டிவிடுவோம். மருத்துவரிடமோ, முடி வெட்டும் இயந்திரத்தில் பழகியவரிடமோ கொடுங்கள்.

அழுக்கு ஒட்டியிருந்தால் எப்படி எடுப்பது? காய்ந்து லேசாக ஒட்டியிருந்தால் கொஞ்சம் மக்காச்சோள மாவைத் தூவி விரலால் உதிர்த்து, பேன்சீப்பால் சீவி எடுக்கலாம், டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சுக்கு ஆகாது. ஈரமாக அப்பியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் கழுவுங்கள். முயலை முழுக்கக் குளிப்பாட்டவே கூடாது, பயத்திலேயே உயிர் போகலாம். கழுவிய பிறகு துண்டால் ஒற்றி, அடிமுடிவரை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் கூண்டுக்கு விட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த முடி, கழுவாத முடியைவிட ஆபத்து.

கூண்டும் இடமும்

கடையில் விற்கிற கம்பித்தரைக் கூண்டு முயலின் பாதத்தைப் புண்ணாக்கும், அதனால் பலர் மேலே சாக்கையோ அட்டையையோ போடுகிறார்கள், சாக்கு சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்க நாறும். அதற்குப் பதில் தட்டையான தரையில் பாய் மாதிரி ஒன்றும், மூலையில் கழிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் ட்ரேயும் வையுங்கள். முயல் பொதுவாக ஒரே மூலையில்தான் கழிக்கும், அந்த மூலையைக் கவனித்து அங்கே ட்ரேயை வைத்து, அடியில் செய்தித்தாள், மேலே காய்ந்த புல் போட்டால் சீக்கிரம் பழகிவிடும். வெயில் காலத்தில் அந்த ட்ரேயைத் தினமும் இரண்டு தடவை கொட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்தால் படிந்துபோன சிறுநீர்க் கறை போய்விடும். ஃபினாயில் ஊற்றிக் கழுவி ஈரத்தோடு முயலை விடாதீர்கள், அதன் மூக்குக்கும் பாதத்துக்கும் அது தாங்காது. கொட்டிய புழுக்கையைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே குவித்து வைக்காமல் செடிக்கு மண்ணோடு புதைத்துவிடுங்கள், நல்ல உரம். குப்பைத்தொட்டி, மீன் கழுவுகிற இடம், நாய் சாப்பிடுகிற தட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். தின்னாமல் விட்ட கீரையையும் பழத்துண்டையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஜன்னலுக்கும் கூண்டுக்கும் வலை அடியுங்கள். நைலான் கொசுவலையை முயல் கடித்துவிடும், கம்பிக்கு வெளியே கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். மின்விசிறிக் காற்று ஓடுகிற இடத்தில் ஈயால் சுலபமாகப் பறந்து உட்கார முடியாது, வெக்கையும் குறையும், அதனால் ஒரு சின்ன மின்விசிறி இரண்டு வேலை செய்யும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, வேப்பிலைப் புகை எல்லாம் முயல் இருக்கிற அறையில் கூடாது, அதன் நுரையீரல் ரொம்பச் சின்னது. துளசிச் செடியும் புதினாத் தொட்டியும் வைத்தால் ஈ வராது என்று சொல்வார்கள், செடி வைப்பதில் தப்பில்லை, அதை நம்பி வாலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குக் கஷ்டம், நமக்கோ சித்திரை, வைகாசியில் 40. வெக்கையில் சோர்ந்த முயல் ஒரே இடத்தில் படுத்து அங்கேயே சிறுநீர் கழித்து அதிலேயே கிடக்கும், தன்னைச் சுத்தம் செய்யாது. இரக்கப்பட்டு அதன் மேல் தண்ணீர் தெளிக்கிறவர்கள் உண்டு, நனைந்த முடி ஈயைக் கூப்பிடுகிற மாதிரிதான். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, துணி சுற்றிப் பக்கத்தில் போடுங்கள், சாய்ந்துகொள்ளும். காதை மட்டும் ஈரக்கையால் தடவிவிடலாம், முயல் உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்கும். தகரக்கூரைக்குக் கீழே கூண்டு வைக்கவே வேண்டாம்.

மருந்து அடித்துத் தடுக்க முடியுமா

பிரிட்டனில் சைரோமசின் கலந்த ஒரு திரவம் முயலுக்கென்றே விற்கிறார்கள், பின்பக்கத்தில் தடவினால் முட்டையிலிருந்து வந்த புழு வளராமல் எட்டு முதல் பத்து வாரம்வரை தடுக்கும். இங்கே நான் கடைகளில் பார்த்ததில்லை. அதற்குப் பதில் நாய்க்கு இருக்கிற உண்ணிமருந்தை எடுத்துப் பூசிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் கழுத்தில் விடுகிற சொட்டுமருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், அது முயலைக் கொன்றுவிடலாம். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கடைக்காரர் "எல்லாத்துக்கும் போடலாம்" என்று சொன்னாலும் முயல் பார்க்கிற மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம்.

புழு வந்துவிட்டால்

முட்டை மட்டும் பார்த்தீர்கள், தோல் முழுசாக இருக்கிறது, முயல் சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் பேன்சீப்பால் ஒவ்வொன்றாகச் சீவி எடுத்துவிடலாம். முடியோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும், பொறுமை வேண்டும். எடுத்த பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அன்று முழுக்கப் பாருங்கள், விட்டுப்போனது பொரிந்திருக்கலாம்.

ஒரே ஒரு புழுவைப் பார்த்தாலும் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், நாளைக்குக் காலையில் போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வெளியே பத்து தெரிகிறது என்றால் உள்ளே எத்தனை என்று நமக்குத் தெரியாது. முதலில் போன் செய்து சொல்லிவிடுங்கள். வண்டி வருவதற்குள், அல்லது கிளம்புவதற்குள் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: முயலை ஈ இல்லாத அறைக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துண்டில் வையுங்கள், விழுகிற புழு தெரியும். கண்ணுக்குத் தெரிகிற புழுவை இடுக்கியால் எடுத்து ஒரு மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள், நசுக்காமல் எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற நார்மல் சலைனை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் பீச்சிக் கழுவலாம். வாளியில் முக்காதீர்கள். முடி நனைந்துவிட்டால் மருத்துவர் மழிப்பதும் கஷ்டம், உடம்பும் குளிர்ந்துபோகும். காது சில்லிட்டிருந்தால், முயல் துவண்டு கிடந்தால், பல்லை நறநறவென்று கடித்தால் அதிர்ச்சி நிலை நெருங்கிவிட்டது, புழு எடுப்பதை நிறுத்திவிட்டுத் துண்டில் சுற்றிக் கதகதப்பாக வைத்து உடனே கிளம்புங்கள்.

இப்போது வேண்டாதவை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வது பெரும்பாலும் மாட்டு வைத்தியம். கற்பூரமும் டர்பன்டைனும் கலந்து ஊற்றுவது, அந்துருண்டையைப் பொடித்து வைப்பது, சீத்தா இலையை அரைத்துக் கட்டுவது, ஃபினாயில், மண்ணெண்ணெய், மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஸ்பிரே. 300 கிலோ மாட்டுக்குத் தாங்குகிறது இரண்டு கிலோ முயலுக்குத் தாங்காது, அதோடு முயல் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், பூசியது எல்லாம் வயிற்றுக்குப் போகும். அப்பாவோ பாட்டியோ சொன்னால் சண்டை போட வேண்டாம், "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் கூடாது. அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் நல்ல கிருமிகள் செத்து முயலே இறந்துபோகலாம், நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய இடத்துக்குப் போக நேர்ந்தால் இதை நீங்களே மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

மருத்துவரை இன்றைக்கே தேடி வையுங்கள், புழு வந்த ராத்திரியில் தேடக் கூடாது. பக்கத்துக் கிளினிக்குகளுக்கு போன் செய்து "முயல் பார்ப்பீங்களா, ஞாயிற்றுக்கிழமை இருப்பீங்களா, ராத்திரி அவசரம்னா எங்கே போறது" என்று மூன்று கேள்வி கேளுங்கள், பல இடங்களில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. நேரம் என்ன, விடுமுறை நாளில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக் கூண்டின் மேல் ஒட்டி வையுங்கள். அதோடு ஒரு டப்பாவில் இடுக்கி, பேன்சீப்பு, சலைன், சிரிஞ்ச், சின்ன டார்ச், இரண்டு சுத்தமான துண்டு. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறவரிடம் புல்லும் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு, வாலைத் தூக்கிப் பார்ப்பதையும் ஒரு தடவை செய்துகாட்டிவிட்டுப் போங்கள்.

மருத்துவர் மயக்க மருந்து லேசாகக் கொடுத்து முடியை மழித்து, புழுவை எடுத்து, வலிக்கும் கிருமிக்கும் ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார். உள்ளே மிச்சமிருக்கிற புழுவுக்கு ஐவர்மெக்டின் போடுவதும் உண்டு, அளவு அவருக்குத்தான் தெரியும், வீட்டில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம். வயிற்றுக்குள்ளேயே துளைத்துவிட்டது, காப்பாற்ற வழியில்லை, வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று அவர் சொன்னால் அது கைவிடுவது ஆகாது. அந்த நிலையில் முயல் படுகிற வேதனை நாம் வெளியே பார்ப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டால் முதல் கவலை சாப்பாடு. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் முயலின் குடல் நின்றுபோகத் தொடங்கும், அதனால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குச்சித் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சிரிஞ்சில் வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். புழுக்கை விழுகிறதா என்று எண்ணுங்கள். புண்ணை அவர் சொன்ன மருந்தால் காலையும் மாலையும் துடையுங்கள், ஆறுகிற புண்ணின் வாடைக்கு ஈ மறுபடி வரும், அதனால் முழுக்க ஆறும்வரை வலைக்குள்ளேதான். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாமா என்று கேட்பீர்கள், முடிந்தவரை வேண்டாம், அதை மாட்டினால் இளகிய புழுக்கையைக் குனிந்து எடுக்க முடியாமல் மறுபடி பின்பக்கத்தில் அப்பும். அதே கூண்டில் இன்னொரு முயல் இருந்தால் அதையும் அன்றைக்கே தலையிலிருந்து வால்வரை பார்த்துவிடுங்கள், பழைய விரிப்பையும் புல்லையும் எடுத்து எரித்துவிடுங்கள்.